கிருமியைக் காட்டிக் கொடுக்கும் தவளை!

"தவளை தன் வாயால் கெடும்" என்பார்கள். ஆனால், ஆப்பிரிக்கத் தவளை ஒன்று, தன் தோலால் மனித உயிரைக் காக்க வழி காட்டியிருக்கிறது!

அதன் தோலில் ஊறும் ஒரு பொருளைப் போலவே விஞ்ஞானிகள் ரசாயன முறையில் செய்தார்கள். அதைக் கொண்டு, நோய்க் கிருமிகளைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அமைத்தார்கள்.

4 குழந்தைகள் பலி

இப்படி ஒரு கருவிக்கு அவசியம் என்ன?

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 1993-ம் ஆண்டில் ஒரு துயரச் சம்பவம் நடந்தது. அங்கே மாட்டு இறைச்சியைக் கொத்தி, வடை போலத் தட்டி வாட்டி, ரொட்டிக்குள் வைத்து விற்பார்கள். "ஹாம்பர்கர்" என்று அதற்குப் பெயர். அதன் மூலம் பரவிய நோயில் 700 பேருக்கு மேல் படுத்தார்கள். 4 குழந்தைகள் இறந்து போனார்கள்.

இறைச்சியில் "ஈ. கோலி" என்ற கிருமி இருந்தது. அது சாகும் அளவுக்கு இறைச்சி வேகவில்லை.

நம் குடலில் வாழும் ஈ. கோலி பெரும்பாலும் சாது. ஆனால், அந்தக் குடும்பத்தில் "ஓ-157" என்ற பொல்லாத பிள்ளை ஒன்று உண்டு. அது விஷத்தைக் கக்கும். ரத்தபேதி உண்டாகும். சில குழந்தைகளுக்குச் சிறுநீரகமே வேலை செய்யாமல் நின்று விடும்.

இந்தக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. உணவின் வாசனை மாறாது. ருசியும் மாறாது. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

உணவில் கொஞ்சம் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அது பெருகிக் கண்ணுக்குத் தெரிய ஒரு நாளாவது ஆகும். இன்ன கிருமி என்று நிச்சயம் செய்ய மேலும் நேரம் ஆகும். அதற்குள் உணவு வயிற்றுக்குள் போய்விடுமே!

அழுக்குத் தண்ணீரில் ஆறிய புண்

தவளையின் ரகசியத்தைக் கண்டவர் அமெரிக்க டாக்டர் மைக்கேல் ஸாஸ்லாப். அவர் ஆராய்ச்சிக்காகத் தவளைகளின் வயிற்றைக் கீறி, முட்டைப் பையை எடுத்துத் தைத்து, மறுபடியும் தொட்டியில் விடுவார். தொட்டித் தண்ணீரில் கிருமிகள் ஏராளம். ஆனால், புண் சீழ் பிடிக்கவில்லை. தானாக ஆறியது!

இது எப்படி என்று அவர் யோசித்தார். தவளையின் தோலை ஆராய்ந்தார். கிருமிகளைக் கொல்லும் பொருள் அதில் இருந்தது. 1987-ம் ஆண்டில் அதை உலகுக்கு அறிவித்தார். "மகெய்னின்" என்று பெயர் வைத்தார். எபிரேய மொழியில் "மாகேன்" என்றால் கேடயம்!

23 மணி மாலை

மகெய்னின் ஒரு "பெப்டைடு". அமினோ அமிலங்கள் என்ற சிறு துகள்களை மணி மாலை போலக் கோத்தால் அதுதான் பெப்டைடு. மகெய்னினில் 23 மணிகள் உண்டு.

இதற்காகத் தவளையை உரிக்க வேண்டியதில்லை. மணி மணியாகக் கோத்துப் பெப்டைடு செய்யும் சுலபமான முறையை மெரிபீல்டு என்ற அமெரிக்க விஞ்ஞானி 1963-ம் ஆண்டிலேயே வெளியிட்டார். 1984-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிருமியின் மேல்தோலில் எதிர் மின்சாரம் இருக்கிறது. மகெய்னினில் நேர் மின்சாரம். காந்தமும் இரும்பும் போல இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

தங்கத்தில் காவல்

பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் மக்கால்பைன் என்பவரின் குழுவினர் இதைப் பயன்படுத்திக் கொண்டார்கள். மிக நுண்ணிய தங்கத் தகடுகளின் மேல் மகெய்னினை ஒட்ட வைத்தார்கள். கிருமி வந்து ஒட்டியதும் தகட்டில் மின்சார அளவு மாறுகிறது. கருவி அதைக் காட்டி விடுகிறது! ஒரு மில்லி லிட்டர் நீரில் சுமார் ஆயிரம் ஈ. கோலி கிருமிகள் இருந்தாலே போதும், தெரிந்து விடும். 2010-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள்.

2012-ல் இன்னொரு புதுமை! கரியால் ஆன மெல்லிய ஏட்டைப் பட்டின் மேல் பதித்து, ஒரு மாட்டுப் பல்லில் ஒட்டினார்கள். அதன் மேலும் பெப்டைடு காவல் இருந்தது. கிருமி ஒட்டியதும் கம்பியில்லா முறையில் செய்தி வந்தது. அதற்குப் பாட்டரியும் தேவைப்படவில்லை.

அடுப்பே துணை

இதில் ஒரு சங்கடமும் உண்டு. மகெய்னின் பல வகைக் கிருமிகளைப் பிடிக்கும். "திருடன் வந்திருக்கிறான்" என்று சொல்லுமே தவிர, அவன் பெயரைத் திட்டமாகச் சொல்லாது. மேலும், பாலிலும் இறைச்சியிலும் உள்ள கொழுப்பும் புரதமும் தகட்டில் படிந்து கருவியை ஏமாற்றக்கூடும். ஆகவே, ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய முறை இன்னும் ஓய்வு பெறவில்லை.

வீட்டுக்கு வீடு இத்தகைய காவலாளி வரும் வரை, நமக்கு அடுப்பே துணை. நன்றாக வெந்த உணவிலும், கொதித்த பாலிலும், கொதித்து ஆறிய தண்ணீரிலும் இந்தக் கிருமி பிழைக்காது. அந்த 4 குழந்தைகளின் உயிரைப் பறித்தது, சரியாக வேகாத இறைச்சிதான்!