சாரத்தில் ஒரு விநாடி

உங்கள் பெட்டியிலுள்ள 30 சென்டிமீட்டர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரை அதன் மேல் நுனியைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். கீழ் நுனியில், பூச்சியக் கோட்டுக்கு நேராக, உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அளவுகோலைத் தொடாமல் விரித்து வைத்திருங்கள். நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் அளவுகோலை விட்டுவிடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும்.

எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தீர்கள்? பெரும்பாலோர் 15க்கும் 25க்கும் இடையில்தான் பிடிப்பார்கள். விழுந்த தூரத்தை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். 20 சென்டிமீட்டருக்கு 0.2 விநாடி வரும். கண் பார்த்து, மூளை அறிந்து, விரல் மூடுவதற்கு ஆன நேரம் அது. 'இப்போது விழும், இப்போது விழும்' என்று காத்திருக்கும்போதே இவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கவனியுங்கள். எதிர்பாராமல் நடந்தால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

இந்தச் சோதனையை அண்மையில் நான் செய்து காட்டியது கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அல்ல. ஆழ்வார்திருநகரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில். அடுத்த தெருக் கொத்தனாரின் மகன், பத்தொன்பது வயதுப் பையன், ஒரு சாயங்காலம் செல்பேசியை நீட்டிக்கொண்டு வந்தான். சென்னைப் பக்கம் ஒரு பெரிய கட்டட வேலையில் சேரப் போகிறானாம். சேருமுன் இணையவழிப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறிச் சான்றிதழ் எடுத்து வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு மணி நேரக் காணொளி, பிறகு 20 கேள்விகள்.

"சார், பதில மட்டும் சொல்லுங்க. நான் அமுக்கிருதேன்."

"வீடியோவைப் பார்த்தியா தம்பி?"

"ஓட விட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டேன் சார்."

அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. காரணம் சொல்கிறேன். முதுகலை படித்த நாளில், சுவரில் சாய்த்த ஏணி எப்போது வழுக்கும் என்ற கணக்கைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அதே ஆண்டு பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஏணியில் ஏறி, வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். சுவரில் ஏணி தொட்ட உயரம் 3 மீட்டர். அதன் கால், சுவரிலிருந்து ஏறக்குறைய 2.5 மீட்டர் தள்ளி இருந்தது. வாசலில் செடித் தொட்டி இருந்ததால் அதற்கு இந்தப் பக்கம் வைத்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அந்தக் கணக்கு எளியது, நீங்களும் போடலாம். ஏணியின் எடையையும் சுவரின் உராய்வையும் விட்டுவிடுங்கள். உச்சியில் ஒருவர் நிற்கும்போது ஏணி வழுக்காதிருக்கத் தரையில் தேவைப்படும் உராய்வுக் குணகம், அடித்தூரத்தை உயரத்தால் வகுத்தால் வரும் எண். என் ஏணிக்கு அது 0.83. மரத்துக்கும் காய்ந்த சிமெண்டுத் தரைக்கும் உள்ள குணகம் சுமார் 0.6. சுண்ணாம்புத் தண்ணீர் சிந்திய தரையில் அதுவும் இல்லை. உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தள்ளி வைத்திருந்தால் 0.25 போதும். ஏணிக்கு 'நான்குக்கு ஒன்று' என்று உலகெங்கும் சொல்லப்படும் விதி இதுதான்.

இதில் ஒரு சூது உண்டு. ஏணியின் நடுவில் நிற்கும்போது தேவைப்படும் உராய்வு, உச்சியில் தேவைப்படுவதில் பாதிதான். ஏற ஏறத் தேவை கூடிக்கொண்டே போகும். முதற்படியில் நின்று ஆட்டிப் பார்த்தேன், பாறைபோல் நின்றது. ஏழாம் படியில் என்னைக் கைவிட்டது.

ஆகவே கணக்குத் தெரிந்தவன் பயிற்சி பெற்றவன் ஆகிவிடமாட்டான். செல்பேசியில் இருபதுக்கு இருபது வாங்கியவனும் அப்படித்தான். பையனிடம் இதைச் சொல்லிவிட்டு, அளவுகோல் சோதனையைச் செய்யவைத்தேன். 22 சென்டிமீட்டரில் பிடித்தான். பிறகு இருவரும் இன்னொரு கணக்குப் போட்டோம்.

இரண்டாவது மாடிச் சாரம், தரையிலிருந்து 6 மீட்டர். அங்கிருந்து விழுபவர் தரையைத் தொட எடுக்கும் நேரம் 1.1 விநாடி. தொடும்போது வேகம் விநாடிக்கு 10.8 மீட்டர், அதாவது மணிக்கு 39 கிலோமீட்டர். வெறும் 3 மீட்டர் என்றாலும் முக்கால் விநாடியும் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல் வேகமும் ஆகிறது. 'விழுகிறேன்' என்று அறிவதற்கே அரை விநாடி போய்விட்டால் எதைப் பிடிப்பது, எங்கே பிடிப்பது என்று யோசிக்க என்ன மிச்சம்? விழும்போது செய்யக்கூடியது ஏதுமில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் ஏறுவதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி என்று உலகில் நடப்பதெல்லாம் இந்த ஒரு விநாடிக் கணக்கின் விளைவுதான்.

நம் ஊர்ப்பக்கம் இதைப் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்தவர்கள் பனையேறிகள். தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் போனால் இன்றும் சிலரைப் பார்க்கலாம். கால்களைத் தளைநாரால் பிணைத்து, மரத்தை இறுக்கி, உடல் எடையையே உராய்வாக மாற்றிக்கொண்டு ஏறுகிறார்கள். எடுத்தவுடன் நெடும்பனையில் ஏறினவர் யாரும் இல்லை. சிறு பிராயத்தில் குட்டையான மரத்தில் தொடங்கி, பெரியவர் ஒருவர் கீழே நின்று பார்க்கப் பார்க்கப் பழகியது அது. பையனின் தந்தையும் அப்படிப் பழகியவரே. சாரத்தில் கால் வைக்குமுன் சவுக்குக் கம்பைத் தட்டி ஓசை கேட்பார். கயிற்று முடிச்சை ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். முந்தின இரவு மழை என்றால் எல்லா முடிச்சையும் பார்ப்பார். "எங்களுக்கெல்லாம் எவன் வீடியோ காட்டுனான்?" என்று அவர் சிரித்தார். ஆனால் அவர் இடுப்பில் வார் கட்டியதில்லை, தலைக்கவசம் அணிந்ததும் இல்லை. பழக்கமும் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடாது என்பதற்கு அவரே சாட்சி.

இணையவழிப் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. ஊரிலிருந்து புறப்படுமுன்னே, தாய்மொழியிலேயே, பார்த்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கற்க அது வழி செய்கிறது. தாய்மொழி என்பது சிறிய விஷயமல்ல. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அடிப்படைப் பாதுகாப்புப் பாடம் ஒன்றில் கட்டாயம் தேற வேண்டும். அங்கே அது தமிழிலும் நடத்தப்படுகிறது. 2004 ஏப்ரல் 20 அன்று அந்நாட்டில் நிக்கோல் நெடுஞ்சாலை அருகே சுரங்க ரயிலுக்காகத் தோண்டிய பெரும்பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்தனர். அதற்குப் பின்னர் 2006இல் பணியிடப் பாதுகாப்புக்குப் புதிய சட்டமே கொண்டுவந்தார்கள்.

கட்டுமானத் தொழிலில் நேரும் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், விழுவதால் நேர்பவை என்று அமெரிக்கக் கணக்குகள் காட்டுகின்றன. அந்நாட்டில் 'ஓஷா' எனப்படும் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 1971இல் செயல்படத் தொடங்கியது. தொழிலாளிக்குப் பத்து மணி நேரப் பாடமும் மேற்பார்வையாளருக்கு முப்பது மணி நேரப் பாடமும் அங்கே உண்டு. இரண்டையும் கணினி வழியாகவும் படிக்கலாம். ஆயினும் அந்த நிர்வாகமே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: கணினிப் பாடம் மட்டும் போதாது, கற்பவர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல, விஷயம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், கருவியைக் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும்.

ஏன் என்பது அன்று எங்கள் திண்ணையிலேயே தெரிந்தது. ஏழாவது கேள்வி: 'உயரத்தில் வேலை செய்யும்போது பாதுகாப்பு வார் அணிய வேண்டும். சரியா, தவறா?' பையன் 'சரி'யை அமுக்கினான். மதிப்பெண் கிடைத்தது. பிறகு அவனாகவே கேட்டான்: "கொக்கிய எங்க சார் மாட்டணும்?" காணொளியை மறுபடி ஓடவிட்டோம். வாரை அணிந்த ஒருவர் சிரித்தபடி நின்றார். கொக்கியின் மறுமுனை படத்துக்கு வெளியே போய்விட்டது!

உண்மையான பாடம் அந்தக் கொக்கியில்தான் இருக்கிறது. முழு உடல் வாரில் கயிறு முதுகுப்புறம், பாதத்திலிருந்து ஏறக்குறைய 1.4 மீட்டர் உயரத்தில் பிணைந்திருக்கும். கயிற்றின் நீளம் 1.8 மீட்டர். அதோடு அதிர்ச்சி தாங்கி என்று ஒரு சிறு பை இருக்கும். விழும்போது உள்ளே மடித்துத் தைத்த பட்டை கிழிந்து கிழிந்து சுமார் ஒரு மீட்டர் வரை நீளும். இப்போது கொக்கியைக் காலடியில் உள்ள கம்பியில் மாட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். 1.8, 1, 1.4 மூன்றையும் கூட்டினால், விழுந்தவர் நிற்கும்போது அவர் பாதம் தளத்துக்குக் கீழே 4.2 மீட்டரில் இருக்கும். முதல் மாடித் தளமோ தரையிலிருந்து 3 மீட்டர்தான். வாரை ஒழுங்காக அணிந்திருந்தும் அவர் தரையில் மோதுவார். கொக்கியைத் தலைக்கு மேல், தளத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் மாட்டினால் பாதம் 2.2 மீட்டருக்குக் கீழே இறங்காது. அதே வார், அதே கயிறு. கொக்கியின் இடம் மட்டும் வேறு.

அதிர்ச்சி தாங்கி எதற்கு, பலமான கயிறு ஒன்றே போதாதா என்று கேட்பீர்கள். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? அதே காரணம். 1.8 மீட்டர் விழுந்தவரைக் கயிறு 5 சென்டிமீட்டர் தூரத்தில் சட்டென நிறுத்தினால், உடல்மேல் வரும் சராசரி விசை அவர் எடையைப்போல் 37 மடங்கு. ஒரு மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால் மூன்று மடங்குக்கும் குறைவு. இடுப்பில் கயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்வது பாதுகாப்பாகத் தோன்றும். விழுந்தால் அந்தக் கயிறே முதுகெலும்பை முறித்துவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். 200 கிராம் எடையுள்ள கல் ஒன்றைத் தையல் நூலில் கட்டி, நூலின் மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடியுங்கள். கல்லை அரை மீட்டர் தூக்கி விட்டால் நூல் பட்டென்று அறுந்துவிடும். பிறகு அதே நூலின் நடுவில் இரண்டு மூன்று ரப்பர் வளையங்களைக் கோத்துக் கட்டி விட்டுப் பாருங்கள். (காலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பைப் பற்றிய சோதனையில் கால்விரலை நசுக்கிக்கொண்டால் நன்றாக இராது.) நாங்கள் செய்தபோது கல் மேலும் கீழுமாக ஆடி நின்றது. நூல் அறவில்லை.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். வார் என்பது கடைசிக் காவல். அதற்கு முன்னே வர வேண்டியவை விளிம்பில் கைப்பிடி, பள்ளத்துக்கு மூடி, கீழே வலை. இவை இருந்தால் தொழிலாளி களைத்திருந்தாலும், கவனம் தவறினாலும் பிழைப்பார். இவற்றைச் செய்ய வேண்டியவர் அவர் அல்ல, வேலை கொடுப்பவர். பயிற்சிச் சான்றிதழைக் காட்டி 'அவனுக்குத்தான் சொல்லிக்கொடுத்தோமே' என்று கைகழுவுவது எனக்கு உடன்பாடில்லை. சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழை நேரத்தில் இடிந்து விழுந்து 61 பேர் மாண்டனர். இடி தாக்கியது என்று முதலில் பேச்சு எழுந்தது. வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் இருந்த குறைகளே காரணம் என்று விசாரணையில் வெளிப்பட்டது. அந்த 61 பேரும் எத்தனை காணொளி பார்த்திருந்தாலும் என்ன பயன்? அருகில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

கட்டடத் தொழிலாளர் நலனுக்காக நாடாளுமன்றம் 1996இல் இயற்றிய சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்துவதாக இருந்தது. பத்து லட்ச ரூபாய்க்குள் ஒருவர் தமக்கென்று கட்டும் வீட்டுக்கு அதில் விலக்கு இருந்தது. 2020இல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இந்த வரம்பு ஐம்பது லட்சம். அதாவது ஆழ்வார்திருநகரியிலும், உங்கள் ஊரிலும், தெருவில் எழும்பும் வீடுகள் பெரும்பாலும் இதற்கு வெளியேதான். அங்கே ஏணியின் காலை எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று பள்ளிக்குப் போகும் வழியில் பாருங்கள்.

பையன் இருபது கேள்விகளையும் தானே படித்து விடை தந்தான். ஒன்று தவறிப்போயிற்று, தேறிவிட்டான். திங்கட்கிழமை ரயில் ஏறினான். வியாழன் இரவு செல்பேசியில் கூப்பிட்டான்.

"சார், இங்க தலைக்கு மேல மாட்டக் கம்பியே இல்ல. காலுக்குக் கீழதான் இருக்கு. எத்தன அடி தொங்குவேன்னு கணக்குச் சொன்னேன். மேஸ்திரி சிரிச்சாரு. அப்புறம் அவரே அளந்து பாத்தாரு."

"என்ன சொன்னார்?"

"நாளைக்கு மேல கம்பி கட்டித் தாறோம்னாங்க. அதுவரைக்கும் கீழ கம்பி வளைக்க வேல பாக்கேன் சார்."