பந்து வலையைச் சேரும் வழி

கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறின. சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டன. கால்பந்தாட்டம் மட்டும் ஓயவில்லை. சயனைடு மண்மேடுகள் கண்ணிற்படும் மைதானங்களில் மாலைதோறும் பிள்ளைகள் பந்தை உதைக்கின்றனர்.

அப்பிள்ளைகள் கல்லூரி அணியில் சேருங்கால் ஒரு குறை புலப்படுகிறது. பந்தை வளைத்து வளைத்துக் கொண்டு செல்வதில் வல்லவர்கள். கோல் போடுவதிலோ தடுமாற்றம். ஆட்டத்தின் முக்கால் பங்கு தம் வசமிருந்தும், ஒரு கோலில் தோற்றுத் திரும்புவர்.

இது புதிய நோயன்று. 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு அணியினர் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே பிரான்சை எதிர்த்தனர். பெங்களூர்த் தமிழரான சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். ஆயினும் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. இறுதி நிமிடங்களில் பிரான்சு மற்றொரு கோல் போட்டு 2-1 என வென்றது. ஆடும் திறனில் அன்று நாம் தாழவில்லை. முடிக்கும் திறனில் தாழ்ந்தோம்.

கோல் கம்பங்களுக்கிடையே 24 அடி அகலம் உண்டு. நேர் எதிரே 36 அடி தொலைவில், அதாவது பெனால்டிப் புள்ளியில், நிற்பவனுக்கு அது அகலத் திறந்த கதவு. மூலைப் பக்கம் ஒதுங்கி நிற்பவனுக்கோ அதே கதவு ஒரு சன்னற் பிளவாகிவிடுகிறது. ஆகையால் ஓரத்து ஆட்டக்காரன் தானே அடிக்க முயல்வதினும், நடுவில் ஓடி வருபவனுக்குப் பந்தைத் தருதலே பயன் தரும். தந்தால் கைதட்டல் அவனுக்குப் போய்விடுமே என்பதுதான் நம் இளைஞரின் கவலை! பார்வையாளராகிய நாமும் இதற்கு ஓரளவு பொறுப்பாளிகள். நாம் கைதட்டுவது வித்தைக்குத்தானே?

கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசை ஐவரை மக்கள் 'பஞ்ச பாண்டவர்' என்றழைத்தனர். அவர்களுள் அகமது கானும் தனராஜும் பெங்களூரிலிருந்து சென்றவர்கள். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளும் ஐ.எப்.ஏ. கேடயத்தை அவ்வணி தொடர்ந்து வென்றது. ஒருவர் பந்தை வைத்திருக்க, மற்றவர் வெற்றிடம் தேடி நகர்ந்ததே அவர்களது பலம்.

கல்லூரிப் பயிற்சியில் இதற்கென நேரம் ஒதுக்க வேண்டும். ஓடிக் களைத்த பின்பே கோலை நோக்கி அடிக்கப் பழக்குதல் வேண்டும். போட்டியில் வாய்ப்பு வருவது பெரும்பாலும் அந்நிலையில்தான். வலக்கால் பழக்கமுடையவன் நாள்தோறும் இருபது முறை இடக்காலால் அடிக்கட்டும். கோல்காப்போனுக்கு எட்டாத கீழ் மூலையே குறி. பந்து பலமாகச் செல்ல வேண்டுமென்பதில்லை.

பெனால்டி அடிப்பவர் இருவரை ஆட்டத்துக்கு முன்பே குறித்துவிடுவதும் நன்று. நடுவர் ஊதியபின், 'நீ அடி, நான் அடி' என்று மைதானத்தில் கூடிப் பேசும் அணிகளை இன்றும் காண்கிறோம்.