மூன்று லட்சம் இருந்தால்தான் ஆறு லட்சம்

ஆடி அமாவாசை வந்துவிட்டால் ஏரலில் தாமிரபரணிக் கரை கொள்ளாது. அத்தனை கூட்டமும் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்குத்தான். 1906இல் ஊரின் சேர்மனாகப் பொறுப்பேற்று, 1908ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று இளவயதிலேயே மறைந்தவர் அவர். உள்ளாட்சிப் பதவியில் இருந்த ஒருவரை நூறாண்டுக்கு மேலாகக் கும்பிட்டுவருகிறது இந்த ஊர். ஊர்க் காரியத்துக்கு உழைப்பவர்களுக்கு இங்கே மரியாதை குறைவில்லை. உள்ளாட்சியின் பணம் அவர்களிடம் வந்துசேரும் வழிதான் மிகக் குறுகலாக இருக்கிறது.

விவசாயிகள் சங்கம், மகளிர் குழு, இளைஞர் நற்பணி மன்றம், ஊர்க் கமிட்டி என்று சுற்றுவட்டாரத்தில் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு கிராம ஊராட்சி இவற்றுக்கு எடுத்துக் கொடுக்கத் தன் கையில் என்ன வைத்திருக்கிறது? வீட்டு வரி சொற்பம். 15ஆவது நிதிக்குழு வழியாக வந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. மீதிப் பணத்தையும் சம்பளத்துக்கோ அலுவலகச் செலவுக்கோ தொடக்கூடாது என்றிருந்தது. போதாததற்கு, 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஏரல் இருக்கும் தூத்துக்குடி உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது.

மிச்சமிருக்கும் பெரிய வாசல், ‘நமக்கு நாமே’ திட்டம். 1997-98இல் தொடங்கி, இடையில் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்று பெயர் மாறி, 2021-22இல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மிகுதியாக வாழும் ஊரகப் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கு போதும்.

நல்ல திட்டம்தான், சந்தேகமில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவரும் வகுப்பறையும் இப்படி எழும்பிய ஊர்கள் உண்டு. ஆனால் 9 லட்ச ரூபாய் வேலைக்கு 3 லட்சத்தை முதலில் கட்ட வேண்டுமே! சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் சம்பாதிக்கும் ஊரில் நாலு போன் போட்டால் அந்தத் தொகை சேர்ந்துவிடும். வாழைக்கும் நெல்லுக்கும் கூலிக்குப் போகிறவர்கள் நிறைந்த தெருவில், ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை வீடு ஏறினாலும் சேராது. ஐந்தில் ஒரு பங்கு என்றாலும் 1 லட்சத்து 80 ஆயிரம். அவர்களிடம் பணம்தான் இல்லை. மண்வெட்டி இருக்கிறது, உழைக்கும் கை இருக்கிறது.

அந்த உழைப்பையும் கணக்கில் சேர்த்த திட்டம் ஒன்று உண்டு. 2017 மார்ச்சில் 1,519 வேலைகளோடும் 100 கோடி ரூபாயோடும் மறுபடி உயிர்பெற்ற குடிமராமத்து. பாசன விவசாயிகளின் சங்கத்திடமே வேலை ஒப்படைக்கப்பட்டது. பத்து விழுக்காடு பங்கைப் பணமாகவும் தரலாம், பொருளாகவும் தரலாம், உடலுழைப்பாகவும் தரலாம். பல ஊர்களில் சங்கத்தின் பெயரைப் போட்டுக்கொண்டு ஒப்பந்ததாரரே வேலை பார்த்தார் என்ற புகார் எழுந்தது உண்மை. அதைக் கண்காணிப்பில் சரிசெய்திருக்கலாம். உழைப்பையும் பங்காக ஏற்ற அந்த விதி கைவிடக்கூடாத விதி.

ஏரல் பக்கத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை வாய்க்கால் கரையில் நின்று பார்த்தால் தெரியும். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் பெருங்குளம், கடம்பாகுளம் என்று குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகின்றன. வாய்க்காலில் அமலைச் செடி அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. மழைக்காலத்தில் வெள்ளம் வடியவும் வழியிருக்காது. ஜேசிபி வைத்து ஒருமுறை அள்ளிக் கரையில் போட்டால் மட்டும் தீராது. ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி படர்ந்துவிடும். வருஷா வருஷம் பிசானச் சாகுபடிக்கு முன்பே ஆள் இறங்கி அறுக்க வேண்டிய வேலை இது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் கடைத்தெருவுக்குள் ஆறு புகுந்தது. ஆற்றுப் பாலத்தின் இணைப்புச் சாலை அறுத்துக்கொண்டு போனது. வெளியூர் உதவி வந்துசேரும்வரை ஊர்க்காரர்களே ஒருவருக்கொருவர் துணை. அப்படிக் கைகொடுக்கும் அமைப்புகளிடம் ஒரு படகோ ஜெனரேட்டரோ முன்கூட்டியே இருக்க வேண்டும் என்றால், கட்டுமானத்துக்கு மட்டும் திறக்கும் கஜானா போதாது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். 2008இல் அங்கே வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று மாநில அரசு கொள்கை வகுத்தது. கிராமப் பஞ்சாயத்துகள் ஆண்டுத் திட்டத்திலேயே அதற்குப் பணம் ஒதுக்குகின்றன. செவிலியரோடு உள்ளூர்த் தொண்டர்களும் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போகிறார்கள். அடுத்த வருஷமும் பணம் வரும் என்ற நம்பிக்கைதான் அந்தத் தொண்டர்களைக் கலைந்துபோகாமல் வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. நமக்கு நாமே விதிகளில் உழைப்பையும் பங்காக ஏற்கும் ஒரு வரி, ஆண்டுதோறும் பராமரிப்பு பார்க்கும் சங்கங்களுக்கு ஒரு சிறு தொகை, அந்தக் கணக்கைக் கிராம சபையில் வாசிக்கும் கட்டாயம் ஆகிய மூன்றும் ஓர் அரசாணையில் அடங்கிவிடும். அந்த ஆணை ஆடிக்குள் வந்தால், ஐப்பசி மழைக்கு முன்பே வடகாலிலும் தென்காலிலும் அமலை அறுக்க ஆள் இறங்கலாம்.