பத்து சென்ட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர்

சனிக்கிழமை காலையானால் எங்கள் வீட்டு கராஜில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். என் மகன் காலி கேன்களையும் பாட்டில்களையும் மூட்டை கட்டுகிறான் என்று அர்த்தம். ஒன்றுக்குப் பத்து சென்ட். அடிலெய்டில் வளரும் நம்ம பிள்ளைகள் பலருக்கு இதுதான் முதல் சம்பாத்தியம். பிறந்தநாள் பார்ட்டி, பொங்கல் விழா என்று எங்கே போனாலும் அவன் கண் குப்பைத் தொட்டி மேலேயே இருக்கும். "அங்கிள், அந்த கேனைத் தூக்கிப் போட்டுடாதீங்க!" என்று அவன் ஓடும்போது எனக்குத்தான் மானம் போகும்.

கொஞ்ச நாள் முன்னால் ரீசைக்கிளிங் டிப்போ வரிசையில் எங்களுக்கு முன்னே ஓர் இத்தாலியத் தாத்தா நின்றிருந்தார். பையனின் மூட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "டானுக்கு நன்றி சொல்லு, தம்பி" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். டிப்போ ஓனர் பேர் டான் போலிருக்கிறது என்று நினைத்து நானும் மண்டையை ஆட்டினேன். பையன் விடவில்லை. "எந்த டான்?" என்று கேட்டான்.

"டான் டன்ஸ்டன். எங்க பிரீமியர்."

பிரீமியர் என்றால் நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி, மாநிலத்தின் தலைவர். அவர் இறந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தாத்தா அவரைப் போன வாரம் பார்த்துப் பேசியவர் மாதிரி "எங்க" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இங்கே வந்து பதினோரு வருஷம். குடியுரிமை வாங்கியாயிற்று. ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் என்பதால் தவறாமல் போய் நம்பர் போட்டுவிட்டு, வாசலில் விற்கிற சாசேஜை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவேன். 'இவங்க அரசியல் நமக்கெதுக்கு' என்பதுதான் என் கொள்கை. அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் டன்ஸ்டனைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

சுவாவில் பிறந்த பையன்

டன்ஸ்டன் பிறந்தது ஆஸ்திரேலியாவிலேயே இல்லை. 1926-ல், ஃபிஜித் தீவின் சுவா நகரில். ஆஸ்திரேலியப் பெற்றோர், அப்பாவுக்கு அங்கே ஒரு வணிக நிறுவனத்தில் மேலாளர் வேலை.

ஃபிஜி என்றாலே நமக்குக் கரும்புத் தோட்டம்தானே ஞாபகம் வரும்? 1879-லிருந்து 1916 வரை சுமார் 60,000 பேரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கப்பலேற்றினார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் போனார்கள். பாரதியார் பாடி அழுதது அந்தத் தோட்டங்களில் வதைபட்ட நம் பெண்களுக்காகத்தான். மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் ரத்தானது 1920-ல். ஆறு வருஷம் கழித்து டன்ஸ்டன் பிறக்கிறார். வெள்ளையர், ஃபிஜியர், இந்தியர் என்று ஆளுக்கொரு படி ஒதுக்கி வைத்திருந்த ஊரில், மேல்படியில் இருந்த குடும்பம் அவருடையது. அந்தப் படிக்கட்டைச் சின்ன வயதிலேயே பார்த்தவர். சட்டம் படித்த பிறகு மறுபடியும் சுவாவுக்குப் போய் வக்கீலாக வேலை செய்தார்.

1953-ல் அடிலெய்டின் நார்வுட் தொகுதியில் லேபர் கட்சி சார்பில் ஜெயித்தபோது அவருக்கு வயது 26. இத்தாலியக் குடும்பங்கள் நிறைய இருந்த தொகுதி. அந்தத் தாத்தாவின் "எங்க" எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

நான் கேட்காத கேள்வி

ஆஸ்திரேலியா 1901-ல் ஒரே நாடாக ஆனவுடன் போட்ட முதல் சட்டங்களில் ஒன்று, வெள்ளையரல்லாதவர்கள் உள்ளே வராமல் தடுக்கும் குடியேற்றச் சட்டம். 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை என்று அதற்கே பேர். டன்ஸ்டனின் சொந்தக் கட்சியான லேபர், அதைத் தன் கொள்கை அறிக்கையிலேயே வைத்திருந்தது. 'நம்ம தொழிலாளிகளோட கூலி குறைஞ்சிடும்' என்பது அவர்கள் சொன்ன நியாயம். கட்சியின் தேசியத் தலைவர் ஆர்தர் கால்வெல்லும் அந்தக் கொள்கையின் தீவிர ஆதரவாளர்.

தலைவரே ஒரு பக்கம் நிற்கும்போது எதிர்ப்பக்கம் போய் நிற்பது எந்த ஊர் அரசியலிலும் லேசான காரியமில்லை. டன்ஸ்டன் நின்றார். அவரும் வேறு சிலரும் விடாமல் போராடியதில், 1965 மாநாட்டில் அந்த வாசகம் கட்சி அறிக்கையிலிருந்து போனது. அடுத்த வருஷம் ஹரால்ட் ஹோல்ட்டின் லிபரல் அரசு குடியேற்ற விதிகளைத் தளர்த்தியது. 1973-ல் விட்லமின் லேபர் அரசு மிச்சத்தையும் முடித்து வைத்தது. ஒருத்தர் மட்டும் திறந்த கதவு இல்லை இது. ஆனால் உள்ளேயிருந்து தாழ்ப்பாளை அசைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

இதைப் படித்தபோது என் விசா விண்ணப்பம் ஞாபகம் வந்தது. வயதுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, ஐஇஎல்டிஎஸ் மார்க்குக்கு இத்தனை என்று பாயின்ட் கணக்குப் போட்டு, 'சொந்தத் திறமையில வந்தேன்' என்று இத்தனை நாள் பெருமைப்பட்டிருக்கிறேன். அதே படிப்பு, அதே மார்க்கோடு என் தாத்தா 1960-ல் விண்ணப்பித்திருந்தால்? அனேகமாக மார்க்கைப் பார்ப்பதற்கு முன்பே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பத்து வருஷத்தில்

1965-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் லேபர் ஆட்சிக்கு வந்து, டன்ஸ்டன் சட்ட அமைச்சரானார். அதே வருஷம் ரோமா மிட்செல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். நாட்டிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 1966-ல், நிறத்தைக் காட்டி ஒருவருக்குச் சேவை மறுப்பது குற்றம் என்று சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு சட்டம் அதுதான் முதல்.

1967-ல் பிரீமியர். மறுவருஷத் தேர்தலில் அவர் கட்சிக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தும் ஆட்சி போனது. கிராமத்து ஓட்டுக்கு மதிப்பு கூட இருக்கும்படி தொகுதிகளைப் பிரித்து வைத்திருந்தார்கள். 1970-ல் மறுபடி வந்து 1979 வரை இருந்தார். நாம் வார இறுதியில் சுற்றுகிற ரண்டில் மால், கச்சேரி பார்க்கிற ஃபெஸ்டிவல் சென்டர் எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவை. மரண தண்டனை போனதும், ஒருபாலுறவு குற்றமில்லை என்று நாட்டிலேயே முதலில் ஆனதும், பூர்வகுடி மனிதரான சர் டக்ளஸ் நிக்கல்ஸ் ஆளுநரானதும் அப்போதுதான்.

நம்ம பாட்டில் சட்டமும் அப்படித்தான். 1975-ல் நிறைவேறி, 1977-ல் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஐந்து சென்ட், 2008-லிருந்து பத்து. பக்கத்து மாநிலமான விக்டோரியாவுக்கு இது வந்ததே 2023-ல்தான்!

ஆளும் சுவாரசியமான ஆள். 1972-ல் ஒருநாள் ரோஸ் கலர் அரைக்கால்சட்டையோடு சட்டமன்றத்துக்கு வந்து ஊரையே பேச வைத்தார். 1976 ஜனவரியில் ஒருவர், பூகம்பம் வந்து பேரலை அடிலெய்டை அழிக்கப் போகிறது என்று நாள் குறித்துச் சொல்ல, சிலர் நிஜமாகவே ஊரை விட்டுக் கிளம்பினார்கள். டன்ஸ்டன் அதே நாளில் கிளெனெல்க் கடற்கரையில் போய் நின்றார். அலை வரவில்லை. பதவியில் இருக்கும்போதே சமையல் புத்தகமும் எழுதினார்.

எல்லாமே ஜெயிக்கவில்லை. மோனார்ட்டோ என்ற இடத்தில் ஒரு புது நகரமே கட்டத் திட்டமிட்டார். அது அப்படியே நின்றுபோனது. இன்று அந்தப் பக்கம் போனால் ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த மோனார்ட்டோ சஃபாரி பார்க் அங்கேதான் இருக்கிறது.

கடைசி வருஷங்கள் மனசைக் கஷ்டப்படுத்துகின்றன. 1976-ல் பினாங்கைச் சேர்ந்த பத்திரிகையாளர் அடேல் கோவைக் கல்யாணம் செய்துகொண்டார். 1978 ஜனவரியில், அரசியல்வாதிகள் மேலும் போராட்டக்காரர்கள் மேலும் போலீஸ் வைத்திருந்த ரகசியக் கோப்புகள் விஷயத்தில் அரசுக்கு உண்மையைச் சொல்லவில்லை என்று போலீஸ் கமிஷனரை நீக்கினார். பெரிய புயல் கிளம்பியது. விசாரணை நடத்திய ரோமா மிட்செல், நீக்கியது நியாயமே என்றார். அதே அக்டோபரில் புற்றுநோயில் அடேல் போய்விட்டார். நாலு மாதம் கழித்து, 1979 பிப்ரவரி 15 அன்று, ஆஸ்பத்திரியில் இரவு உடையோடு நிருபர்கள் முன் உட்கார்ந்து ராஜினாமாவை அறிவித்தார். 1999-ல் காலமானார். 2014 முதல் நார்வுட் தொகுதிக்கு அவர் பெயர்தான்.

மேசை மேல் இருக்கும் காகிதங்கள்

மறுநாள் பையனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அரைக்கால்சட்டைக்கு விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் கேட்டான்: "அவர் இல்லேன்னா நாம இங்க வந்திருக்க முடியாதாப்பா?"

"வேற யாராவது செஞ்சிருப்பாங்கடா. எப்போன்னுதான் சொல்ல முடியாது" என்றேன்.

டொராண்டோவோ லண்டனோ ஆக்லாந்தோ, நீங்கள் இருக்கும் ஊரிலும் நமக்கு முன்னால் யாரோ ஒருவர் இப்படித் தாழ்ப்பாளை அசைத்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து தேடிப் பாருங்கள்.

போன சனிக்கிழமை பையனுக்கு டிப்போவில் பதினாலு டாலர் இருபது சென்ட் கிடைத்தது. அன்று வீட்டுக்கு வந்தபோது தபால் பெட்டியில் வேட்பாளர்களின் நோட்டீஸ்கள் கிடந்தன. எப்போதும் நேராகக் குப்பைக்குப் போகிறவை. இந்தத் தடவை சாப்பாட்டு மேசை மேல் வைத்திருக்கிறேன். நாலில் இரண்டு படித்தாயிற்று.