தடுப்பூசிச் சான்று: தாளும் எண்ணிமமும்

மஞ்சள் காய்ச்சல், ஏடிசு கொசுவால் பரவும் நச்சுயிரி நோய். அக்கொசு நம் நாட்டில் பெருகிக் கிடப்பினும் அந்நோய் இங்கு வேரூன்றியதில்லை. அந்நிலையைக் காக்கவே, நோய் நிலவும் ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து வருவோரிடம் இந்தியா தடுப்பூசிச் சான்று கேட்கிறது. சான்றில்லாதவர் 6 நாள் வரை தனிமையில் வைக்கப்படுவர்; நோய் உள்ளுறையும் காலத்தின் எல்லை அது.

அச்சான்றின் விதிகள் உடலியலை ஒட்டியவை. எதிர்ப்பாற்றல் திரள வேண்டுமாதலால், ஊசி போட்டு 10 நாள் கழிந்த பின்னரே சான்று செல்லும். முன்பு 10 ஆண்டுகளே செல்லுபடியான அது, 2016 சூலை 11 முதல் வாழ்நாள் முழுதும் செல்கிறது. ஒரே ஊசியின் காப்பு நிலைத்து நிற்பது தெளிவானதே காரணம். தாள் சான்றில் மருத்துவரோ அதிகாரம் பெற்ற நலப்பணியாளரோ தம் கையாலேயே ஒப்பமிட வேண்டும். முத்திரை அதற்கு ஈடாகாது. ஆயினும் கடல் கடந்த நாட்டின் அலுவலர் அக்கையெழுத்தை எவ்வாறு அறிவார்? போலித் தாள்கள் நுழைவது இவ்விடைவெளியில்தான்.

கொரோனாக் காலத்தில் இவ்விடைவெளியை அடைத்தது கணிதம். 2021 சூலை 1 முதல் 2023 சூன் 30 வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் இருந்த கொரோனாச் சான்றில், பெயர், பிறந்த நாள், ஊசியின் வகை, போட்ட நாள் ஆகியவை கருப்பு வெள்ளைக் கட்டக் குறியீட்டில் அடங்கின. வழங்கும் அமைப்பு, தான் மட்டுமே அறிந்த மறைதிறவியால் அவற்றுக்கு எண்ணிமக் கையொப்பம் இட்டது. அதற்கு இணையான பொதுத்திறவியால் எவரும் அதனைச் சரிபார்க்கலாம். ஓரெழுத்து மாறினும் கையொப்பம் பொருந்தாது. நாடுகள் தமக்குள் பகிர்ந்தவை பொதுத்திறவிகளே; சரிபார்ப்பதற்கென மக்களின் நலவாழ்வுச் செய்திகள் எல்லை கடக்கத் தேவையிருக்கவில்லை.

எனினும் 2021 அக்டோபரில் அடால்ஃப் இட்லர் பெயரில் ஒரு சான்று உலவியது. சரிபார்ப்புச் செயலிகளும் அதை ஏற்றன. கையொப்பம் மெய், செய்தியோ பொய். எழுதியது மாறாமல் கணிதம் காக்கும். எழுதியது உண்மை என்பதற்கு ஊசி போடுமிடத்தில் இருப்பவரே பொறுப்பு.

ஆதலின் பதிவு செய்வோரின் நேர்மையும் பயிற்சியும் முதல் தேவை. அடுத்தது, சான்று எல்லார்க்கும் எட்டுவது. கைப்பேசி இல்லாதவரும் உண்டு, கருவிகள் பழுதாகும், வாழ்நாள் காப்புக்கு வாழ்நாள் சான்று வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் அச்சிட்ட சான்றுக்கும் இடமளித்தது. தாளிலும் அதே கட்டக் குறியீடு, அதே கையொப்பம். அவ்வழியே எங்கும் வழக்கமாகட்டும். ஊசி போட்டவுடன் பதிவு நடக்கட்டும். எண்ணிமக் கையொப்பம் தாங்கிய தாள் ஒவ்வொருவர் கையிலும் கட்டணமின்றிச் சேரட்டும்.