அவசரமா? சற்றுப் பொறுப்போம்

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. படம் நம் போதகருடையது, பெயரும் அவருடையதே. எண் மட்டும் புதிது. "கூட்டத்தில் இருக்கிறேன், பேச இயலாது. நோயுற்ற ஒருவருக்கு உதவ அவசரமாகப் பரிசு அட்டைகள் தேவை. வாங்கி எண்களை அனுப்புங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம்." பல நாடுகளில் திருச்சபைகளைக் குறிவைத்து நடக்கும் மோசடி இது. நம்முடைய இரக்கமும் போதகர்மீது நாம் வைத்திருக்கும் மரியாதையுமே இங்கே தூண்டில்.

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டில் மட்டும் மக்கள் மோசடிகளில் இழந்த தொகை 110 கோடி வெள்ளிக்குக் குறையாது. பெரும்பாலான சம்பவங்களில் யாரும் வங்கிக் கணக்குக்குள் திருட்டுத்தனமாக நுழையவில்லை. ஏமாற்றப்பட்டவர்களே தங்கள் கையால் பணத்தை அனுப்பினார்கள். "அதெல்லாம் வயதானவர்களுக்குத்தான் நடக்கும்" என்றும் நாம் இருந்துவிட முடியாது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 50 வயதுக்கு உட்பட்டவர்களே.

இரண்டு அடையாளங்கள்

மோசடிக்காரர்களின் வேடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று வங்கி அதிகாரி, நாளை "நான் யார் என்று சொல் பார்க்கலாம்" என்று பேசும் பழைய நண்பர், மறுநாள் வீட்டிலிருந்தே செய்யும் எளிய வேலை. ஆனால் இரண்டு காரியங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. நம்மை அவசரப்படுத்துவார்கள், யாரிடமும் சொல்லாதே என்பார்கள். யோசிக்க நேரமும் கேட்க ஓர் ஆளும் நமக்குக் கிடைத்தால் தங்கள் பொய் நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

யோசுவா 9ஆம் அதிகாரத்தில் கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த துருத்திகளையும் காட்டி, தூர தேசத்திலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். இஸ்ரவேலின் தலைவர்கள் கண்ணால் கண்டதை நம்பினார்கள், கர்த்தரிடம் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து, வந்தவர்கள் பக்கத்திலேயே குடியிருப்பவர்கள் என்று தெரிந்தது. அதற்குள் ஆணையிட்டு உடன்படிக்கை செய்தாயிற்று. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் முடிவெடுத்ததே அவர்கள் செய்த பிழை.

யாரிடம் கேட்பது?

தெரிந்தவர் பெயரில் செய்தி வந்தால், நம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு நாமே அழைத்துப் பேசுவோம். அந்நியர் அழைப்பு என்றால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணில் 24 மணி நேரமும் விசாரிக்கலாம். சந்தேகமான எண்ணையும் இணைப்பையும் ஸ்கேம்ஷீல்டு செயலியிலேயே சோதிக்கலாம். அரசாங்க அதிகாரிகள் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்லமாட்டார்கள். வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார்கள். அழைப்பைக் காவல்துறைக்கு மாற்றிவிடவும் மாட்டார்கள்.

பணம் போய்விட்டதா? முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குவோம்; உடனே காவல்துறையில் புகார் செய்வோம். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருப்போம். அவையே சாட்சி.

கணக்கை இரவல் கொடுக்கலாமா?

மாணவர்களைத் தேடி வரும் வலை இன்னொன்று உண்டு. "உன் வங்கிக் கணக்கைச் சில நாள்களுக்குக் கொடு, சில நூறு வெள்ளி தருகிறேன்" என்பார்கள். சிங்பாஸ் விவரத்தையும் கேட்பார்கள். அந்தக் கணக்கின் வழியே போவது யாரோ ஒரு தாத்தாவின் ஓய்வுக்காலச் சேமிப்பாக இருக்கலாம். "எனக்குத் தெரியாது" என்ற பதில் இனி எளிதில் எடுபடாது. 2024இல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தங்களின்படி இப்படிக் கொடுப்பவர்கள் சிறைக்கும் போகலாம். நண்பன் கேட்டாலும் மறுப்போம்.

வீட்டில் பயமின்றிச் சொல்லட்டும்

ஏமாந்தவரை வாயடைக்கச் செய்வது வெட்கம். "இவ்வளவு படித்தும் ஏமாந்தாயா?" என்று பிள்ளையையும், "சொன்னால் கேட்கிறீர்களா?" என்று பெற்றோரையும் நாம் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர்கள் நம்மிடம் வாயே திறக்கமாட்டார்கள். அந்த மௌனத்தில்தான் இரண்டாவது முறையும் பணம் போகிறது.

இந்த வாரம் நாம் செய்யக்கூடியது சிறிய காரியம்தான். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி கைப்பேசிகளில் 1799ஐப் பதிவு செய்து கொடுப்போம். "சந்தேகம் வந்தால் எந்த நேரமும் எங்களைக் கூப்பிடுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டோம்" என்று அவர்களிடம் சொல்வோம். சொன்னபடியே நடந்துகொள்வோம்.