அடங்காப் பிளாஸ்மாவும் அணையா உலையும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் பெரகலச் சந்தியில் நிற்போர், பள்ளத்திலிருந்து எழும் மூடுபனி வீதியையும் தேயிலை நிரைகளையும் மறைத்துப் பின் நொடிப்பொழுதிற் கலைந்துபோவதைக் காண்பர். காற்று சிறிது திசைமாறினும் அதன் உருவம் மாறிவிடுகின்றது. அதைப் பிடித்து நிறுத்த எவராலும் இயலாது. அம்மூடுபனியினும் பன்மடங்கு ஐதானதும், பத்துக் கோடி பாகை வெப்பமுடையதுமான ஒரு வாயுவைச் சுவரிற் படாமல் நிறுத்திவைக்கும் முயற்சியே டோக்கமாக் என்னும் பொறியின் வரலாறாகும்.

ஐதரசனின் இனங்களான தூத்தேரியமும் திரித்தியமும் ஒன்றுசேர்ந்து ஈலியமாகும்போது பெருஞ்சக்தி வெளிப்படுகின்றது. கருக்கள் தம்முள் விலக்கும் மின்விசையை வென்று நெருங்குதற்கே அத்துணை வெப்பம் வேண்டப்படுகின்றது. அவ்வெப்பத்தில் இலத்திரன்கள் கருவை விட்டு நீங்கிவிடும், அந்நிலையே பிளாஸ்மா. எரிபொருளுக்கு அந்நியச் செலாவணியின்றி 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட இலங்கைக்கு, கடல்நீரிலிருந்து பெறத்தக்க தூத்தேரியம் ஒரு நாள் விறகாகும் என்னும் செய்தி வெறுங் கதையன்று. ஆயின் அவ்வுலை இடையறாது எரிதல் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்தை உருட்டும் பொறி ஈடு ஈடாக வேலைசெய்யலாம். உலர்த்தும் பொறியோ ஓயாது ஓடவேண்டும். மின்னிலையம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

டோக்கமாக் வளைய வடிவான கலன். அதனைச் சூழ்ந்த சுருள்கள் வளையத்தின் வழியே ஒரு காந்தப்புலத்தை ஆக்குகின்றன. அது மட்டும் போதாது. பிளாஸ்மா வெளிப்புறம் நழுவிவிடும். ஆகவே பிளாஸ்மாவினூடாகவே பெரும் மின்னோட்டம் செலுத்தப்படுகின்றது. அதனாற் காந்தக் கோடுகள் புரிமுறுக்குப் பெற்றுப் பிளாஸ்மாவைக் கட்டிவைக்கின்றன. ஆனால் வேலியே பயிரை மேயும் நிலை இங்கேதான் தோன்றுகின்றது. கயிற்றை அளவுக்கு மீறி முறுக்கினால் அது நெளிந்து சுருளும். மின்னோட்டம் மிகுந்தாற் பிளாஸ்மாவும் அவ்வாறே நெளியும். காந்தக்கோடு வளையத்தின் குறுக்கே ஒருமுறை சுற்றிவருமுன் நெடுக்கே எத்தனை முறை சுற்றுகின்றது என்பதே இதற்கு அளவுகோல். விளிம்பில் அவ்வெண் 2க்குக் குறையாமற் காப்பது நடைமுறை. அமெரிக்கரான குரூசுக்கலும் உருசியரான சபிரானோவும் 1950களிற் கண்ட எல்லையே இதற்கு அடிப்படை. எல்லை மீறினாற் செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு அளவான காலத்திற் பிளாஸ்மாவின் வெப்பம் முழுவதும் சுவரிற் கொட்டிவிடும்.

இம்மின்னோட்டத்தை எழுப்புவது நிலைமாற்றித் தத்துவம். முதற்சுருளின் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தாலன்றிப் பிளாஸ்மாவில் ஓட்டம் நிலைக்காது. எந்தச் சுருளிலும் முடிவின்றி மின்னோட்டத்தைக் கூட்டிச்செல்ல இயலாதாகையால், சாதாரண டோக்கமாக் விட்டுவிட்டே எரியும்.

இச்சிக்கலை அவிழ்க்க முயன்ற பொறி ஒன்று அண்டை நாட்டில் உண்டு. குஜராத்தில் காந்திநகரை அடுத்த பாட் என்னும் ஊரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவகம், பிரதிமன் கிருஷ்ண காவ் தலைமையில் வளர்ந்தது. அங்கே 1989இல் ஆதித்யா இயங்கத் தொடங்கியது. அதன்பின் அமைந்ததே எஸ்எஸ்டி-1. 2013 ஜூனில் முதற் பிளாஸ்மாவைக் கண்டது. அதன் வளையத்தின் பேராரை 1.1 மீற்றர், குறிக்கோள் 1000 செக்கன். செப்புச் சுருள் அவ்வளவு நேரம் தாங்காது, சூடேறிவிடும். ஆகவே பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 269 பாகையிற் குளிரூட்டப்பட்ட 16 மீகடத்திச் சுருள்கள் வைக்கப்பட்டன.

இங்கே இரண்டு தேவைகள் முரண்படுகின்றன. நீடித்து எரிய மீகடத்தி வேண்டும். ஆனால் மீகடத்திச் சுருளின் மின்னோட்டத்தைச் சடுதியில் மாற்றினால் அது சூடாகித் தன் இயல்பை இழந்துவிடும். பிளாஸ்மாவோ சடுதியில் நழுவும். செங்குத்தாக நீட்டிய பிளாஸ்மா கூடுதலான அமுக்கத்தைத் தாங்கும், எனினும் மேலோ கீழோ சரியும் இயல்புடையது. அதற்காகக் கலனுள்ளே செப்புக் கலவைத் தகடுகள் பொருத்தப்பட்டன. பிளாஸ்மா சரியும்போது அவற்றிற் சுழல் மின்னோட்டம் எழுந்து தடுக்கும். ஆயினும் மின்தடையால் அவ்வோட்டம் விரைவில் ஓய்ந்துவிடும். தகடு தருவது தவணை மட்டுமே. அத்தவணைக்குள் உள்ளேயுள்ள சிறிய செப்புச் சுருள்கள் பிளாஸ்மாவைப் பழைய இடத்துக்குத் தள்ளவேண்டும். தொடக்க ஆண்டுகளின் சோதனைகளில் எஸ்எஸ்டி-1இன் பிளாஸ்மா அரைச்செக்கன் அளவே நின்றது. ஆயிரம் செக்கனை எண்ணிப்பார்ப்போர் இதனை இகழலாம்; இப்பணியின் அருமை அறிந்தோர் இகழார்.

நிலைமாற்றிக்கு மாற்றாக மின்காந்த அலைகள் இலத்திரன்களை உந்தி ஓட்டத்தைக் காக்கின்றன. அதற்குச் செலவாகும் சக்தியோ அதிகம். பிளாஸ்மாவின் நடுவிலிருந்து விளிம்புக்கு அமுக்கம் குறையும் இயல்பினால் ஒரு மின்னோட்டம் தானே எழுவதுண்டு. செலவற்ற இவ்வோட்டத்தையே அறிஞர் பெரிதும் நம்புகின்றனர். ஆனால் அது பெருக அமுக்கம் பெருகவேண்டும். அமுக்கம் பெருகினால் காந்தக் கோடுகள் கிழிந்து தீவுகளாகி, வெப்பம் அவற்றின் வழியே கசியும்.

2025 சனவரியில் சீனாவின் ஈஸ்ட் 1066 செக்கனும், பெப்ரவரியிற் பிரான்சின் வெஸ்ட் 1337 செக்கனும் பிளாஸ்மாவை நிறுத்திவைத்தன. வெஸ்டின் வெப்பம் ஏறத்தாழ ஐந்து கோடி பாகை. பத்துக் கோடி பாகையை எட்டிய கொரியாவின் கேஸ்டார் 2024இல் 48 செக்கனே நின்றது. மின்னிலையத்துக்கு வேண்டிய அமுக்கமும் இடையறாத காலமும் ஒரே கலனில் இன்னும் கூடவில்லை.